நாளைக்குப் பத்து ரூபாய்!

பத்து ரூபாய்க்கு இன்றைக்கு என்ன கிடைக்கும்? வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக் கடையிலே பத்து ரூபாயை நீட்டி ஒரு குவளைத் தேநீர் கேட்டால், கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு முழம் பூ கேட்டால் பூக்காரம்மா சிரிப்பார். அந்தப் பத்து ரூபாயிலே, தோழர்களே, ஒரு மனிதனை ஒரு நாள் முழுவதும் எச்.ஐ.வி. கிருமியினின்று காத்து நிற்கும் மருந்தைச் செய்து தர முடியும் என்று இரண்டு இந்தியக் கம்பெனிகள் சொல்லியிருக்கின்றன. 2025 செப்டம்பரில் சொன்னார்கள். 2027 முதல் தருவோம் என்றார்கள். டாக்டர் ரெட்டீஸ் ஒன்று, ஹெட்டெரோ இன்னொன்று. இரண்டும் ஐதராபாத்துக் கம்பெனிகள்.

மருந்தின் பெயர் லெனகாபவிர். வாயில் நுழையாத பெயர், போகட்டும். ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொள்வது. விலை, ஆண்டொன்றுக்கு 40 டாலர். தொடக்கத்தில் விழுங்க வேண்டிய மாத்திரைக்குத் தனியே ஒரு சிறு தொகை. நம் காசில் மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம். அதை 365ஆல் வகுத்துப் பாருங்கள், பத்து ரூபாய்கூட வராது.

இதே மருந்தை 2025 ஜூனில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கிலியட் கம்பெனி கட்டிய விலை என்ன தெரியுமா? ஆண்டுக்கு 28,218 டாலர்! ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபாய்! எழுநூறு மடங்கு!

ஒரே மருந்து, ஒரே ஊசி, ஒரே அளவு. இங்கே நாற்பது, அங்கே இருபத்தெட்டாயிரம். நெல்லுக்கு உழவன் விலை சொன்னால் "உற்பத்திச் செலவு என்ன?" என்று ஆயிரம் கேள்வி கேட்கும் உலகம், இந்த எழுநூறு மடங்குக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம். ஏனென்றால், எது மருந்தின் விலையை ஏற்றியது, எது இறக்கியது என்ற கதையிலே நம் நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. நம் மாவட்டத்தை ஒட்டிய தாம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

"எங்கோ செய்கிறான், எங்கோ விற்கிறான், வாலாஜாபாத்துக்காரனுக்கு இதிலே என்ன?" என்று ஒரு தோழர் கேட்கலாம். செங்கற்பட்டுச் சாலையும் காஞ்சிச் சாலையும் வண்டலூர்ச் சாலையும் வந்து கூடும் ஊர் இது. சுற்று வட்டாரத் தொழிற்சாலைகளில் செய்த கார்கள் இங்கே இரயிலேறி வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. வெளிமாநிலத்து இளைஞர்கள் இரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். ஜல்லி ஏற்றிய லாரி இரவெல்லாம் ஓடுகிறது. ஐயம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறி தரும் வருவாய் போதாமல், விடியுமுன்னே கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஊரையும் உறவையும் விட்டு வந்து, ஒற்றை அறையில் ஐவர் அறுவராக முடங்கிக் கிடக்கும் உழைப்பாளிக்கும் இரத்தமும் சதையும் இளமையும் உண்டு. இந்த ஊரிலே நோய் மிகுதி என்று சொல்ல வரவில்லை. லாரிக்காரன்தான் நோய் கொண்டுவருகிறான் என்று பழிபோட்ட காலம் ஒன்றிருந்தது. அந்த மடமை நமக்கு வேண்டாம். உழைப்பவன் ஊர்விட்டு ஊர் போகும் இடங்களிலெல்லாம் பேசியாக வேண்டிய செய்தி இது என்கிறோம், அவ்வளவே.

இந்திய நாட்டிலே 2023 கணக்குப்படி இந்தக் கிருமியோடு வாழ்வோர் 25 இலட்சத்துக்கு மேல். அந்த ஓராண்டில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானவர்கள் 68 ஆயிரத்துக்கு மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 187 பேர். முன்னாள் நிலையை நோக்க இது பெரிதும் குறைவுதான். ஆனால் அந்த 187 பேரில் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து "குறைந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள்!

மருந்து என்றதும் நோய் வந்த பிறகு தின்பது என்றுதான் நினைப்போம். இது வருமுன் காக்கும் மருந்து. நோயில்லாதவர், நோய் தொற்றும் வாய்ப்புள்ளவர், முன்கூட்டியே எடுத்துக்கொள்வது; "பிரெப்" என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். டெனோபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டையும் ஒன்றாக்கிய மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் தொற்று தடுக்கப்படுகிறது என்று 2010இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது; 2012இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அடுத்து வந்ததுதான் இந்த ஆறுதிங்கள் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் தொற்று வந்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை! மருத்துவ உலகிலே "சுழி" என்ற எண் இவ்வளவு இனிப்பது அரிது. மேகநோய் போன்ற பிற நோய்களை இந்த ஊசி தடுக்காது, ஆணுறைக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. ஊசிக்கு முன்னே இரத்தப் பரிசோதனையும் கட்டாயம். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளை நம்மையே குறை சொல்வார்கள்.

தடுப்புக்கென்று சர்க்கார் பணம் செலவிடுவது இன்று நேற்று வந்த பழக்கமன்று. வாலாஜாபாத் என்ற பெயரே ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயர். கும்பினிப் பட்டாளம் இங்கே முகாமிட்டிருந்த காலம் உண்டு. சென்னை இராசதானியின் பட்டாள முகாம்களில் 1800களின் தொடக்கத்திலேயே "லாக் ஆஸ்பத்திரி" என்று ஒன்றை வைத்தார்கள். பூட்டு ஆஸ்பத்திரி! சிப்பாய்க்கு மேகநோய் தொற்றிவிடக்கூடாது என்று, ஐயத்துக்கு ஆளான ஏழைப் பெண்களைப் பிடித்து வந்து, சோதித்து, நோய் தீரும்வரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சிப்பாயைப் பூட்டவில்லை! கும்பினியாரின் பொருளாதாரம் தெளிவானது: சிப்பாய் படுத்தால் கும்பினிக்கு நட்டம், பெண் அழிந்தால் யாருக்கு நட்டம்?

கும்பினி போயிற்று, பூட்டு போயிற்றா? 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான். பெருமைக்குரிய ஆராய்ச்சி. அதன் பின்னே நடந்தது சிறுமை. தொற்றுக் கண்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள்; வழக்கு உயர்நீதிமன்றம் வரை போன பிறகே கதவு திறந்தது. மருந்தில்லாத காலத்திலே அரசுக்குத் தெரிந்த மலிவான வழி பூட்டுத்தான்.

1996இல் மருந்து வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி சாவதில்லை என்று கண்டார்கள். ஆனால் விலை? ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்! அன்றைய மதிப்பில் மூன்று, நான்கு இலட்சம் ரூபாய். மருந்து வெளிநாட்டிலே, நோயாளி நம் நாட்டிலே, நடுவிலே பட்டா!

பட்டா என்றால் நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலத்துக்குப் பட்டா வாங்கியவன் மற்றவனை உள்ளே விடமாட்டான். மருந்துக்கும் அப்படி ஒரு பட்டா உண்டு, காப்புரிமை என்பார்கள். வெள்ளைக்காரன் போட்ட 1911ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்கே பட்டா கொடுத்தது. விளைவு? ஏழை இந்தியாவிலே மருந்து விலை உலகிலேயே மிக அதிகமான விலைகளில் ஒன்றாக இருக்கிறது என்று அமெரிக்க செனட் சபையின் கெபாவர் குழுவே 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுட்டிக்காட்டும் நிலை! சென்னையைச் சேர்ந்த நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959இல் தந்த அறிக்கை அந்தச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்தது. அதன்வழி வந்ததுதான் 1970ஆம் ஆண்டுச் சட்டம். 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்குப் பட்டா கிடையாது, மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அரிசிக்குப் பட்டா இல்லை, அரிசி குத்தும் ஒரு குறிப்பிட்ட முறைக்கு வேண்டுமானால் உண்டு என்பதுபோல! வேறு முறையிலே குத்துகிறவனை எவன் தடுப்பான்? அந்த ஒரு மாற்றத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது.

2001 பிப்ரவரியில் பம்பாய் சிப்லா கம்பெனி அந்த மூன்று மருந்துகளையும் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. நாளுக்கு ஒரு டாலர்! பத்தாயிரம் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆப்பிரிக்காவில் மாண்டுகொண்டிருந்தவர்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது அந்த விலையால். நம் நாட்டிலே 2004 ஏப்ரல் முதல் நாள், அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய ஒரு சில இடங்களுள் ஒன்று, டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்கென ஏற்படுத்திய தாம்பரம் சானடோரியம். நம் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், படப்பை வழியாக வண்டலூர்ச் சாலையில் போனால் அரைநாளுக்குள் போய்வரும் இடம். ஊரார் முகத்தில் விழிக்க அஞ்சி இரவுப் பேருந்தில் வந்து, விடியும்வரை அந்த மர நிழல்களிலே காத்துக் கிடந்த நோயாளிகளுக்கு, அந்த மாத்திரை உயிர்.

உலக வணிக ஒப்பந்தத்தின் நிர்ப்பந்தத்தால் 2005இல் மருந்துக்குப் பட்டா திரும்பவும் வந்தது. ஆனாலும் சட்டத்திலே ஒரு முள்வேலி போட்டு வைத்தார்கள்: பழைய மருந்தையே கொஞ்சம் உரு மாற்றிப் புதுப் பட்டா கேட்டால் கிடையாது என்று. கிலியட் கம்பெனி டெனோபோவிர் மருந்துக்குப் பட்டா கேட்டது. எதிர்த்து மனுப்போட்டவர்கள் யார்? பெரிய பெரிய பாரிஸ்டர்களா? நோயாளிகளின் சங்கங்கள்! 2009இல் பட்டா மறுக்கப்பட்டது. இன்றைக்கு உலகமெங்கும் சிகிச்சைக்கும் தடுப்புக்கும் பயன்படும் மாத்திரைகளிலே இந்த டெனோபோவிர்தான் அடித்தளம். அது ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்பவருக்கு இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

ஒரு வேடிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவத் துறை, தடுப்பு மாத்திரைக்குப் பணம் தருவது என் பொறுப்பன்று, உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று கையை விரித்தது. நம் ஊரிலே சாக்கடையைக் கேட்டால் பொதுப்பணித் துறை பேரூராட்சியைக் காட்டும், பேரூராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் காட்டும்; அதேதான்! வழக்குமன்றம், பொறுப்பு உன்னுடையதுதான் என்றது. அதன் பிறகும் பெரிய அளவில் ஒரு சோதனை ஓட்டம், அது இது என்று இழுத்து, 2020இல்தான் முறையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கிடையே இலண்டன்காரர்கள் என்ன செய்தார்கள்? இணையத்தின் வழியே பணம் கட்டி, இந்தியாவில் செய்த மாத்திரையைத் தாங்களாகவே வரவழைத்து விழுங்கினார்கள். இலண்டன் மருத்துவமனைகளில் புதுத் தொற்று சரசரவென்று இறங்கியது. நம் தொழிலாளி செய்த மாத்திரை இலண்டன்காரனைக் காத்தது. நம் தொழிலாளியை?

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது. நம் அரசுகள் தடுப்பு மருந்தே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஊசி குத்திக் காயம்பட்ட செவிலிக்கு 28 நாள் மருந்து இலவசம். நோயுள்ள தாய்க்கும் பிறக்கும் குழந்தைக்கும் மருந்து இலவசம். முதலில் நெவிரபின் என்ற ஒற்றை மருந்தாக இருந்தது, 2014 முதல் தாய்க்கு ஆயுள் முழுவதும் கூட்டு மருந்து. அதனால் நோயின்றிப் பிறந்து, இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இந்த மாநிலமெங்கும் இருக்கிறார்கள். நோயுள்ளவருக்குக் கொடுக்கும் சிகிச்சையும் தடுப்பேயாகும். ஒருவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் காட்டிய உலக ஆய்விலே சென்னையும் ஓர் ஆய்வுக்களம்.

ஆனால் இன்னும் நோய் வராத, வரக்கூடிய இடத்தில் நிற்கிற மனிதனுக்கு? நோயுள்ள கணவனோடு வாழும் மனைவிக்கு, உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணுக்கு, திருநங்கைக்கு, ஆணோடு உறவுகொள்ளும் ஆணுக்கு? அவர்களில் காசுள்ளவர் தனியார் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம், பட்டணத்திலே தொண்டு நிறுவனத்தைத் தேடிப் போகலாம். தாய்க்கும் செவிலிக்கும் திறக்கிற கதவு, இவர்களுக்கு எல்லா ஊரிலும் திறக்கவில்லை.

"ஏனய்யா, தப்புச் செய்கிறவனுக்கு நம் வரிப்பணத்திலே மருந்தா?" என்று ஒருவர் கேட்பார். தேநீர்க் கடையில் கேட்பார். நம் படிப்பகத்திலேயே கேட்பார். அவரை முறைக்காதீர்கள். உட்கார வைத்துக் கணக்குச் சொல்லுங்கள். மேடைக் கணக்கு வேண்டாம், மளிகைக் கணக்கு.

நாட்டிலே 140 கோடி மக்கள். ஆண்டுக்குப் புதுத்தொற்று 68 ஆயிரம் சொச்சம். அதாவது இருபதாயிரம் பேருக்கு ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் இந்த ஊசியைப் போட்டால், ஒருவரைக் காக்க இருபதாயிரம் ஊசிக்காரர்கள், தலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு, ஆக 7 கோடி ரூபாய்! எந்த அரசாலும் முடியாது, எந்த அறிவுள்ளவனும் கேட்கமாட்டான். சரி, நூறு பேரில் ஆண்டுக்கு இருவருக்குத் தொற்றக்கூடிய ஆபத்தில் உள்ள ஒரு கூட்டம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒருவரைக் காக்க ஐம்பது பேருக்கு ஊசி போட்டால் போதும். ஒன்றே முக்கால் இலட்சம். ஏழு கோடி எங்கே, ஒன்றே முக்கால் இலட்சம் எங்கே! மருந்தின் விலை மாறவில்லை. யாருக்குப் போடுகிறோம் என்பது மாறியது.

அந்த ஒருவரைக் காக்காமல் விட்டால் என்ன செலவு? சிகிச்சைக்கான மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையின் விலையை 2023இல் உலக நிதியம் ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே கொண்டுவந்தது. நாலாயிரம் ரூபாய் என்று வையுங்கள். இருபத்தைந்து வயதில் நோய் கண்டவர் இன்னும் நாற்பதாண்டு வாழ்வார், வாழ வேண்டும். மாத்திரைக்கு மட்டும் ஒன்று அறுபது. பரிசோதனை, மருத்துவர், ஆலோசகர் சம்பளம், இடையிலே காசநோய் வந்தால் அதற்கு வேறு. அந்த ஒருவரிடமிருந்து மனைவிக்கு, மனைவியிடமிருந்து கருவுக்கு என்று சங்கிலி நீண்டால் ஒன்று அறுபது மூன்றாகும், நான்காகும். போதாததற்கு, ஊசி ஆபத்துள்ள சில ஆண்டுகளுக்குத்தான், மாத்திரையோ ஆயுளுக்கு. இரண்டும் வரிப்பணந்தான், நண்பரே! ஒன்று வேலி போடும் செலவு. மற்றது பயிர் மேய்ந்த பிறகு அழும் செலவு.

பணக்கணக்கை முடித்த பிறகு அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். தாலியைத் தவிர வேறெதையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்தத் தமிழ்நாட்டிலே நோய் வந்தது யார் வழியாக? அவள் செய்த தப்பு என்ன? தொழிற்சாலையில் தலைக்கவசம் கொடுக்கிறோமே, "கவசம் கொடுத்தால் அஜாக்கிரதையாக வேலை செய்வான்" என்று எந்த முதலாளியாவது சொன்னால் சங்கம் சும்மா விடுமா?

ஆனால் அந்த ஐம்பது பேரைக் கண்டுபிடிப்பது எப்படி? நெற்றியிலா எழுதியிருக்கிறது? அவர்களாகத்தான் வரவேண்டும். வருவார்களா? காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். போய்வர அரைநாள், வரிசையில் நின்றால் முழுநாள். நூறுநாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்குக் கூலி 336 ரூபாய் என்று வகுத்தார்கள். லாரி ஓட்டுகிறவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒருநாள் போனால் அதைவிட மிகுதியாகப் போகும். பத்து ரூபாய் மருந்தை வாங்க ஒருநாள் கூலி! அதுவும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை என்றால் அடிக்கடி போகவேண்டும், அந்தப் புட்டியை அறையிலே ஐவர் கண்ணில் படாமல் ஒளிக்கவேண்டும். "இது என்னடா மாத்திரை?" என்ற ஒரு கேள்வி போதும், புட்டி குப்பைத் தொட்டிக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டே முறை ஊசி என்பதன் அருமை அறிவாளிகளுக்குப் புரிவதைவிட அந்த அறைவாசிக்கு நன்றாகப் புரியும். மருந்தின் விலை எழுநூறு மடங்கு இறங்கிவிட்டது. வெட்கத்தின் விலை மட்டும் இறங்கவில்லை. "நீ யார், என்ன செய்கிறாய், யாரோடு?" என்று உரத்த குரலில் கேட்கும் ஒரு மேசை இருந்தால் போதும், அரசு வாங்கி வைத்த மருந்து அலமாரியிலேயே காலாவதியாகும். அதுவும் வரிப்பணம்தான்.

நம் மாநிலத்திலே அரசு மருத்துவமனைகளில் இரத்தம் பார்க்கும் இடத்துக்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். எச்.ஐ.வி. வேலைக்கென்று தனிச் சங்கம் அமைத்து நாட்டுக்கு வழிகாட்டியதும் இந்த மாநிலம்தான், 1994இல். அதே 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கேட்டு, தரம் சோதித்து, குறைந்த விலைக்கு வாங்கும் கலையைப் பிற மாநிலங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. மொத்தமாக வாங்குகிறவனுக்குத்தான் விலை இறங்கும். மண்டியிலே மூட்டை வாங்குகிறவனுக்கும் கடையிலே ஆழாக்கு வாங்குகிறவனுக்கும் ஒரே விலையா? இந்த ஊசியை உலக நாடுகள் பெருமளவில் வாங்கினால் ஆண்டுக்கு 25 டாலருக்கே செய்துவிடலாம் என்று இலிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்குப் போட்டிருக்கிறார்.

டில்லி என்ன சொல்லும்? "நிதி இல்லை" என்னும். 2021 முதல் 2026 மார்ச் வரை ஐந்தாண்டுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 15,471 கோடியே 94 இலட்சம். கேட்க மலைப்பாக இருக்கிறதல்லவா? 140 கோடி பேருக்கு வகுத்து, ஐந்தாண்டுக்கும் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 22 ரூபாய்! இரண்டு தேநீர் கூட ஆகாது. 2017இல் சட்டம் செய்தார்கள். மருந்து தருவோம் என்று எழுதும்போது "இயன்ற வரையில்" என்று இரண்டு சொல்லைச் செருகினார்கள். அந்த இரண்டு சொல்லின் பொருள் 2022 ஜூலையில் தெரிந்தது. மருந்து இருப்புத் தீர்ந்துபோய், டில்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வாசலிலே நோயாளிகள் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சிகிச்சைக்கே இந்தக் கதி என்றால், தடுப்புக்கு "இயன்ற வரையில்" என்ற சொல்கூடக் கிடைக்கவில்லை. பிறர் கையை எதிர்பார்ப்பதும் ஆகாது: 2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகளில் எத்தனையோ மருத்துவமனைகள் ஒரே வாரத்தில் கதவடைத்தன.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். 2027இல் ஊசி வருகிறதென்றால், அதுவரை மாத்திரையாகிலும் இருக்கிறது. மொத்தக் கொள்முதலில் அதற்கும் ஏறத்தாழ இதே விலைதான். டில்லி வாங்கட்டும், டில்லி தாமதித்தால் மாநிலமே தன் கழகத்தின் வழி ஒப்பந்தப்புள்ளி கேட்கட்டும். காஞ்சிக்கும் செங்கற்பட்டுக்கும் ஆளை அலையவிடாமல், வாலாஜாபாத்திலேயே வாரத்துக்கு ஒரு மாலை, ஆலை விட்ட பிறகு ஏழு மணிக்கு, ஊர்பேர் கேட்காத ஒரு அறையிலே கொடுக்கட்டும். இந்திக்காரத் தொழிலாளிக்கு இந்தியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மொழிப் பிரச்சினையில் நம் கொள்கை வேறு, நோயாளிக்குப் புரிய வைப்பது வேறு. சுற்றுக் கிராமத்துத் தோழர்கள் அடுத்த கிராமசபையில் இதை எழுதிக் கொடுக்கலாம். ஆலைச் சங்கத்துத் தோழர்கள் நிர்வாகத்திடம் ஒன்று கேட்கலாம்: நம்பிக்கை மையத்துக்குப் போய்வர, காரணம் எழுதிக் கேட்காத அரைநாள் விடுப்பு, சம்பளத்தோடு. கிளைச் செயலாளர்கள் படிப்பகச் சுவரிலே, செய்தித்தாள் மாட்டும் பலகைக்குப் பக்கத்தில், 1097 என்ற நான்கு எண்களைச் சுண்ணாம்பில் எழுதி வைக்கட்டும். எய்ட்ஸ் பற்றிக் கேட்க அரசு வைத்திருக்கும் இலவசத் தொலைபேசி. பெயர் சொல்ல வேண்டாம். இரவிலே யாருமில்லாதபோது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு போகிறவர் யாரென்று நமக்கும் தெரிய வேண்டாம்.